கௌசல்யாவின் அறைக்கு ஒரு விமானம்

நாகேஸ்வரனின் வலது உள்ளங்கை முப்பத்தொரு வருடங்களாக ஆரியசாலைச் சந்தையில் உத்தியோகம் பார்த்தது. மற்ற உறுப்புகள் அதனுடன் போய் வந்தன, அவ்வளவுதான். நாட்டு மருந்துச் சரக்குக் கடையில் எடை போடுகிற வேலை. திப்பிலி, கச்சோலம், வசம்பு, எப்போதாவது பஞ்சு வைத்த டப்பாவில் கோரோசனை. பொட்டலத்தைக் கையில் வைத்து லேசாக ஒரு முறை தூக்கிப் பார்த்து, "நாற்பத்திரண்டு" என்பார். பிறகு மரியாதைக்காகத் தராசிலும் வைப்பார்கள். தராசு அவரோடு ஒத்துப்போகாத நாட்களில் முதலாளி தராசைத்தான் பழுது பார்க்க அனுப்பினார்.

மனைவி கௌசல்யாவுக்கு உத்தியோகம் தொண்டையில். தம்பானூரில் ஒரு லாட்ஜில் போன் எடுப்பவர். அவர் "ஹலோ" சொல்வதைக் கேட்பதற்காகவே, அறை தேவைப்படாதவர்களும் கூப்பிட்டு அறை காலி உண்டா என்று விசாரித்தார்கள் என்பது லாட்ஜ்காரர்களின் பெருமை. வீட்டுக்கு வந்தால் அதே குரல் உப்பு, புளி, காரம் எல்லாம் சேர்த்து வரும். நாகேஸ்வரன் ஒரு நாளைக்கு நாற்பது சொல் பேசினால் அதிகம். மிச்சம் கௌசல்யாவின் பொறுப்பு. பிள்ளைகள் இல்லாத வீட்டில் இந்த ஏற்பாடு இருபத்துநான்கு வருடம் ஒழுங்காக நடந்தது.

2008 ஆவணியில் ஒரு காலை, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனைப் பற்றி உருக்கமாகத் திட்டிக்கொண்டிருந்த கௌசல்யா பாதி வாக்கியத்தில் சரிந்தார். மீதி வாக்கியம் என்ன என்று நாகேஸ்வரனுக்கு இன்றுவரை தெரியாது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. வலப்பக்கம் அசையவில்லை, பேச்சு போய்விட்டது. ஊட்டினால் விழுங்குவார். கண்கள் திறந்திருந்தன.

கடையின் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு மேல்தான் அவர்கள் வீடு. அதில் பெரிய அறை ஒன்று, பதினெட்டுக்குப் பதினைந்து அடி. முன்காலத்தில் சரக்கு உலர்த்திய இடம். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மழை வந்தால் சுவர் வசம்பு மணக்கும். கௌசல்யாவின் கட்டிலை அங்கே போட்டார்கள். பார்த்துக்கொள்ள மார்த்தாண்டத்திலிருந்து எலிசாள் வந்தாள். நாற்பது வயது, பலசாலி, எதற்கும் அசராதவள் என்று ஏஜென்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்த வருடம் தினமும் மாலையில் அரைமணி நேரம் கரண்ட் கட். ஐப்பசியில் ஒருநாள் ஏழு மணிக்கு விளக்கு போனது. நாகேஸ்வரன் எமர்ஜென்சி விளக்கைக் கட்டிலருகே வைத்தார். மேலே மின்விசிறி சோர்ந்து, சோர்ந்து, நின்றது.

கௌசல்யாவின் கண்கள் நிற்கவில்லை.

அதுவரை அந்தக் கண்கள் விசிறியைப் பார்க்கின்றன என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்போது விசிறி சும்மா தொங்க, கண்கள் மட்டும் ஜன்னலுக்கு மேலிருந்து புறப்பட்டு, காலண்டர் சுவரோடு போய், பீரோவுக்கு மேல் கொஞ்சம் உயர்ந்து, கதவுக்கு மேல் தாழ்ந்து, மறுபடியும் ஜன்னலுக்கு வந்தன. அதுவும் விசிறி சுற்றுகிற திசைக்கு எதிர்த்திசையில். நாகேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு சுற்றுக்கு ஒன்பது விநாடி. மறு சுற்றுக்கும் ஒன்பது. கரண்ட் வரும் வரைக்கும் ஒன்பது.

மறுநாள் அவர் கதவருகே ஸ்டூல் போட்டு ஏறினார். கண்கள் தாழ்ந்து வருகிற அந்த இடத்தில் கையை நீட்டினார். கௌசல்யாவின் பார்வை வந்தது. கைக்கு ஒரு சாண் முன்னால் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, கைக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் ஏறிப் போனது. கையைக் கீழே இறக்கினார். அடுத்த சுற்றில் பார்வை கைக்கு மேலாகத் தாண்டியது. விரலில் காற்றுகூடப் படவில்லை.

"அண்ணே, கையை எடுங்க," என்றாள் வாசலில் நின்ற எலிசாள். "அது போற வழிய மறிக்காதுங்க."

"நீயும் பாத்தியா?"

"நான் வந்த அன்னைக்கே கண்டேன். சொன்னா எனக்குக் கிறுக்குன்னு சொல்லுவியளோன்னு சொல்லல்ல. அந்த பீரோப் பக்கம் நான் எப்பவும் குனிஞ்சுதான் போவேன். நீங்க கவனிக்கல்லியா?"

கவனித்திருந்தார். முதுகுவலி என்று நினைத்திருந்தார்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு கண் அலைவது சகஜம், அதற்கு ஒரு பெயர் உண்டு என்று பெயரையும் சொன்னார். பெயர் நீளமாக இருந்ததால் விஷயம் முடிந்துவிட்டது போலிருந்தது. கண் தானாக அலைவது வேறு, நீங்கள் காட்டுகிற பொருளைப் பின்தொடர்வது வேறு. பின்தொடர்ந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். டார்ச் காட்டிப் பார்த்தார்கள். சாவிக்கொத்து, சிவப்பு பலூன். பலூன் பாதி வழியில் களைத்து உட்கார்ந்தது. கண்கள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

தை மாதம் நாகர்கோவிலிலிருந்து கௌசல்யாவின் அண்ணன் லிங்கம் வந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரே தடவையில் முடிக்கிறவர்.

"மாப்ள, நீ கடைக்குப் போயிருத. அந்த எலிசாப் பிள்ளை ஒத்தைக்குக் கெடந்து பாக்கு. எத்தனை நாளைக்குடே? கோட்டாறுல ஒரு ஹோம் இருக்கு. நல்ல எடம். இவளைப் போல இருவது பேரு வரிசையாக் கெடக்காவ."

"அவளுக்கு எல்லாம் தெரியும் மச்சான். உள்ளே இருக்கா."

"இருந்தா ஒரு தடவை காட்டச் சொல்லு. ஒரு சாமானைக் காட்டி, அதை அவ பாத்தா, நான் அப்பவே திரும்பிப் போயிருதேன். இல்லேன்னா மீனம் ஒண்ணாந் தேதி வேனோட வாறேன்."

மீனம், அதாவது மலையாளத்துப் பங்குனி, பிறக்க ஏழு வாரம் இருந்தது.

அந்த வாரம் தம்பானூரில் யூசுப்பின் கடை முன் நாகேஸ்வரன் நின்றுவிட்டார். கல்ஃப் சாமான்களும் பொம்மைகளும் விற்கிற கடை. உத்தரத்திலிருந்து நூலில் ஒரு பொம்மை விமானம் தொங்கி, தன் வாலைத் தானே துரத்தி வட்டமடித்துக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தார். நான்கு விநாடி.

"யூசுப், இதை ஒன்பது விநாடிக்கு ஒரு சுற்று வர வைக்க முடியுமா?"

யூசுப் எத்தனையோ வாடிக்கையாளர்களைக் கண்டவன். "நூலு நீளம் கூட்டினா மெல்லப் பதுக்கப் போவும் அண்ணாச்சி."

"நூல் வேண்டாம். பீரோவுக்கு மேலே ஏறணும், கதவுக்கு மேலே தாழணும். நம்ம சொன்னபடி போகணும்."

"அப்பம் ரிமோட் விமானம். எங்க பறத்தணும், சங்குமுகம் கடப்புறத்து மணல்லயா?"

"வீட்டுக்குள்ளே."

யூசுப் அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டடிச் சிறகுள்ள நுரைப்பலகை விமானம் ஒன்றை இறக்கினான். ஐஸ்பெட்டிக்குள் வைக்கிற அதே வெள்ளைப் பொருள்தான், வழவழப்பாக வார்த்து வண்ணம் பூசியது. "இது வெளியில பறத்துற சாதனம், கேட்டோ. கனம் உள்ள விமானத்துக்கு வேகம் வேணும், இல்லெங்கில் விழும். வேகம் இருந்தா இடம் வேணும். வீட்டு முறிக்குள்ள விட்டா சுவருதான் ஜெயிக்கும். பதுக்கப் பறக்கணும்னா கனம் குறையணும், சிறகு அகலமா இருக்கணும். அதுதான் கணக்கு."

கனம் என்ற சொல்லைக் கேட்டதும் நாகேஸ்வரனுக்கு உயிர் வந்தது. விமானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் இது எடை விவகாரம். மறுநாளே கடையின் சின்னப் பித்தளைத் தராசை மரப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து, யூசுப்பின் கல்லாவுக்கு முன்னால் விமானங்களை நிறுக்கத் தொடங்கினார். கடைக்கு வந்தவர்கள் இது ஏதோ புதிய தள்ளுபடித் திட்டம் என்று நினைத்து நின்று பார்த்தார்கள்.

ஏழு விமானங்களில் லேசானதைப் பொறுக்கினார். வீட்டுக்குக் கொண்டுபோனார். மின்விசிறியை எலெக்ட்ரீஷியன் வந்து கழற்றினான். காற்று வராமல் ஜன்னலை அடைத்தார்கள். எலிசாள் கட்டிலின் குறுக்கே ஒரு பலகையைப் பிடித்துக் கௌசல்யாவுக்குக் காவல் நின்றாள். நாகேஸ்வரன் பொத்தானை அழுத்தினார். விமானம் சரியாக ஒன்றரை விநாடி பறந்து, காலண்டரில் இருந்த லட்சுமியின் வயிற்றில் மூக்கைச் சொருகியது.

உடைந்ததை எடுத்துக்கொண்டு போனபோது யூசுப் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். "அண்ணாச்சி, தராசுல நிறுத்தப்பம் பேட்டரி எங்க வச்சீங்க?"

"கழற்றி வச்சேன். சரக்கை நிறுக்கும்போது சாக்கு, காகிதம், டப்பா எல்லாம் கழிக்கணுமே."

"அல்லா! அண்ணாச்சி, பேட்டரியும் கூடப் பறக்கணும் அல்லே?"

முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கை செய்த முதல் பிழை. பேட்டரி, விமானத்தில் பாதி எடை இருந்தது. நாகேஸ்வரன் அன்று முழுக்க உள்ளங்கையை மூடியே வைத்திருந்தார்.

இரண்டாவது தேர்வு நிதானமாக நடந்தது. யூசுப்பின் மைத்துனன் ஷார்ஜாவிலிருந்து வருவதாக இருந்தான். இரண்டு பேரும் கல்லாவில் குனிந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார்கள். பேட்டரியோடு சேர்த்து ஐந்து கிராமுக்குள். சக்கரம் வேண்டாம், படுத்திருக்கிறவரின் மெத்தையில் இறங்கினால் போதும். மூக்கில் விசிறி இருக்கக்கூடாது, சிறகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். முகத்தில் மோதினாலும் நுரை மட்டுமே படும். இரண்டு மோட்டார், ஒன்றைக் குறைத்தால் அந்தப் பக்கம் திரும்பும், வாலில் தனியாகத் திருப்பும் பொறி சுமக்கத் தேவையில்லை. சிறகு நுனி மேல்நோக்கி மடிந்திருந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். டிவி ரிமோட் மாதிரி நேரே காட்டவேண்டிய வகை கூடாது, ரேடியோ வகை வேண்டும்.

"ஏன்?" என்றார் நாகேஸ்வரன்.

"இடையில எது நின்னாலும் இது கேக்கும்."

"அப்படியானால் ரேடியோதான்."

வந்தது உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய மஞ்சள் விமானம். ஐந்து கிராமுக்குச் சில குன்றிமணி குறைவு. முதல் நாள் சுற்றுக்கு ஏழு விநாடி எடுத்தது. நாகேஸ்வரன் ஸ்டிக்கர்களை உரித்தார். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது போன்ற பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கினார். கோரோசனை சுரண்டுகிற கத்தியால் வயிற்றுப் பக்கம் நுரையை மெல்லச் சீவினார். எட்டு விநாடி. ரிமோட்டில் வேகத்தை இழைத்து இழைத்துக் குறைத்து, மாசி இரண்டாவது வாரத்தில் ஒன்பதைப் பிடித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை அடைக்கிற ஒரு மணி நேரம், ஜன்னல் மூடிய அறையில், ஒரு தும்பியின் ரீங்காரத்தோடு அது ஜன்னல், காலண்டர், பீரோ, கதவு என்று அந்த வழியிலேயே போய் வந்தது.

கௌசல்யா அதைப் பார்க்கவில்லை.

விமானம் பீரோவுக்கு மேலே போகும்போது அவர் பார்வை எதிர்ச்சுவரில் இருந்தது. விமானம் எதிர்ச்சுவருக்கு வந்தால் பார்வை பீரோவுக்குப் போனது. சரியாகப் பாதிச் சுற்று தள்ளி. நாகேஸ்வரன் வேகத்தைக் கூட்டினார். கண்கள் வேகம் கூட்டின. குறைத்தார். அவையும் குறைத்தன. ஒரு முறை விமானத்தைத் தாழ இறக்கினார்; கௌசல்யாவின் பார்வை எதிர்ப்பக்கம் கூரை வரைக்கும் ஏறியது.

"அது நம்மளைப் பாத்துட்டுது," என்றாள் எலிசாள், குரலைத் தாழ்த்தி. "மொதல்ல அது சும்மா பறந்துட்டுக் கெடந்துது. இப்பம் வெலகிப் போவுது பாருங்க."

"நம்மளையா, விமானத்தையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே."

டாக்டருக்குப் போன் செய்தார். விமானத்தின் வேகத்துக்கு ஏற்பக் கண்ணின் வேகம் மாறுகிறது, எனவே அவளுக்கு விமானம் தெரிகிறது என்று வாதாடினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொருளைப் பார்த்தால்தான் பார்ப்பதாக அர்த்தம், பொருள் இல்லாத இடத்தைப் பார்ப்பது கணக்கில் வராது என்றார். நியாயமான பேச்சு. மருத்துவம் அப்படித்தான் இருக்கவேண்டும். நாகேஸ்வரன் போனை வைத்துவிட்டு வெகுநேரம் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீனம் ஒன்றாம் தேதி பதினொரு மணிக்கு லிங்கம் வேனோடு வந்தார். டிரைவரைக் கீழே நிறுத்திவிட்டு மாடிக்கு வந்து, தங்கையின் நெற்றியைத் தடவி, கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எலிசாள் காப்பி கொடுத்தாள். கௌசல்யாவின் துணிமணிகள் ஏற்கெனவே ஒரு பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பையை யாரும் பார்க்காமல் எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"காட்டுடே மாப்ள," என்றார் லிங்கம்.

நாகேஸ்வரன் ஜன்னலை அடைத்தார். மஞ்சள் விமானத்தைக் கையிலிருந்து விட்டார். அது ரீங்கரித்துக்கொண்டு காலண்டரைக் கடந்தது. லிங்கம் முதலில் விமானத்தைப் பார்த்தார். சின்னப் பையனைப் போல வாய் லேசாகத் திறந்தது. பிறகு தங்கையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். ஐந்து சுற்று. ஆறு சுற்று.

"அவ பாக்கல்லியேடே."

"இன்னும் ரெண்டு சுற்று மச்சான்."

"மாப்ள, நான் ஒனக்கு விரோதமாச் சொல்லல்ல. அவ வேற எங்கயோ பாக்கா. நீ விளையாட்டுச் சாமானை வச்சுக்கிட்டு ஒன்னையே ஏமாத்திட்டு இருக்க." லிங்கம் தம்ளரைத் தரையில் வைத்தார். "எலிசா, பையை எடு."

எலிசாள் எடுக்கவில்லை. நாகேஸ்வரனைப் பார்த்தாள்.

நாகேஸ்வரனின் கட்டைவிரல் ரிமோட்டின் மறுபக்கப் பொத்தானுக்கு நகர்ந்தது. இத்தனை நாளாக அவர் ஒரே திசையில்தான் ஓட்டியிருந்தார், அது போகிற திசையில். விமானத்தை விட்டு மறித்துப் பார்த்ததே இல்லை. மறிக்க வேண்டாம் என்று எலிசாள் முதல் நாளே சொல்லியிருந்தாள். அவர் விமானத்தைக் கதவுக்கு முன்னால் முழுவதுமாகத் திருப்பி, வந்த வழியே திரும்ப அனுப்பினார்.

கௌசல்யாவின் கண்கள் காலண்டர் பக்கம் இருந்தன. அவை நின்றன. ஐந்து மாதத்தில் முதல் முறையாக நின்றன. பிறகு விடுக்கென்று திரும்பி விமானத்தைப் பார்த்தன. காலண்டரைப் பார்த்தன. மறுபடியும் விமானத்தை. இரண்டுக்கும் இடையே தூரம் குறையக் குறைய அவர் பார்வை வேகமாகப் போய்ப் போய் வந்தது. இடது கை போர்வையைப் பற்றியது.

"இடிக்கப் போவுது," என்றார் கௌசல்யா.

குரல் துருப்பிடித்திருந்தது. ஆனால் அந்தக் குரல்தான். தம்பானூர் லாட்ஜில் பதினெட்டு வருடம் "ஹலோ" சொன்ன குரல்.

நாகேஸ்வரன் விரலை எடுப்பதற்குள், பீரோவுக்கும் காலண்டருக்கும் நடுவே, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, ஒன்றுமே இல்லாத இடத்தில், விமானத்தின் இடச் சிறகு மடங்கியது. ஒரு சத்தமும் இல்லை. அது இரண்டு முறை கரணம் அடித்து மெத்தை ஓரமாக விழுந்தது. கூரையில் விசிறி மாட்டிய கொக்கியில் இடித்திருக்கும் என்று பிற்பாடு லிங்கம் சொல்லிப் பார்த்தார். கொக்கி அறையின் நடுவில் இருந்தது. அவர் மின்வாரியத்தில் இருந்தவர், தூரம் தெரிந்தவர். இரண்டாவது முறை அதைச் சொல்லவில்லை.

லிங்கம் எழுந்திருக்கப் போனார். "கௌசி... மோளே... பேசினியா நீ?"

கௌசல்யாவின் பார்வை அவர் முகத்தில் இல்லை. அவர் நாற்காலிக்குக் கீழே, தரையில், காப்பித் தம்ளருக்கு ஒரு சாண் இந்தப்புறம் நிலைத்திருந்தது.

"அண்ணே," என்றார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "காலை எடு. மிதிச்சிராத."

லிங்கம் குனிந்து பார்த்தார். சிமெண்டுத் தரை, எலிசாள் காலையில் துடைத்தது. அவர் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் மேலே தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். அறுபத்திரண்டு வயது, தொண்ணூறு கிலோ, சட்டையில் பேனா. அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் வடிந்தது, துடைக்கவில்லை.

படியேறி வந்த டிரைவர் வாசலில் தயங்கினான். "சாரே, ஸ்ட்ரெச்சர் எடுக்கட்டோ?"

"வேண்டாம்டே. வண்டியைத் திருப்பிட்டுப் போ."

"சாரு வருநில்லே?"

"நான் பஸ்ஸுல வருவேன். நீ போ. உள்ள வராத, அங்கயே நில்லு, போ."

வேன் சந்தைத் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்கிற சத்தம் கேட்டது. கௌசல்யா கணவனைப் பார்த்தார். நேராக, அவர் முகத்தை. நாகேஸ்வரன் பக்கத்தில் வந்து மெத்தையிலிருந்து மஞ்சள் விமானத்தை எடுத்துக்கொண்டார்.

"அதையும் எடுங்க," என்றார் கௌசல்யா.

நாகேஸ்வரன் மனைவியின் பார்வை போகிற வழியைப் பார்த்துக்கொண்டே முட்டிபோட்டுத் தரையில் இறங்கினார். தம்ளரைத் தள்ளி வைத்தார். "இங்கேயா?" என்றார். "இன்னும் இப்பறம்," என்றார் கௌசல்யா. நாகேஸ்வரன் இரண்டு கைகளையும் சேர்த்து, தரையோடு தரையாக நுழைத்து, மெதுவாக எழுந்தார். நாற்காலியின் மேலிருந்து லிங்கம், அவருக்கு இடம் கொடுக்க, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"எங்கே வைக்க?"

கௌசல்யாவுக்கு அந்தச் சொல் கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பக்கத்துல."

எலிசாள் தலையணையை ஒதுக்கிக் கட்டிலில் இடம் விட்டாள்.